மஸ்கெலியாக் கடைவீதியும் மலையூர்களும்

சுன்னாகச் சந்தைக்கோ சாவகச்சேரிச் சந்தைக்கோ விடியற்காலையிற் செல்வோர், சுற்றுப்புறக் கிராமத்தவர் வெறுங்கையுடன் வருவது அரிது என்பதைக் காண்பர். வாழைக்குலை, வெங்காயம், கத்தரிக்காய், தேங்காய், கீரைக்கட்டு என ஏதேனும் ஒன்று சைக்கிளின் பின்னே கட்டப்பட்டிருக்கும். அதனை விற்று முடித்த பின்னரே அவர் தமக்கு வேண்டிய சீனியையும் துணியையும் வாங்கத் தொடங்குவார். கிராமம் விளைவிக்கின்றது, நகரம் அவ்விளைவை வாங்கிக்கொண்டு, கிராமத்துக்கு வேண்டியதைக் கொடுக்கின்றது. சந்தை நகரம் என்பதற்குப் பொதுவாகக் கொள்ளப்படும் இலக்கணம் ஏறக்குறைய இதுவே.

இவ்விலக்கணத்தை மனத்திற்கொண்டு மலைநாட்டுக்குச் செல்பவருக்கு ஒரு மயக்கம் உண்டாகும். அங்கும் சிறு நகரங்கள் பல உள. ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றின் கடைவீதிகளிற் கால்வைக்க இடமிராது. ஆயின் மலையிலிருந்து இறங்கி வருபவரின் கையில் இருப்பது வெறும் பை. அவர் நாள்தோறும் பறிப்பது தேயிலைக் கொழுந்து. அதனைச் சந்தையிற் கூறுகட்டி விற்க முடியாது. பறித்த சில மணி நேரத்துள் அது தொழிற்சாலையை அடைதல் வேண்டும். அங்கே வாடவைத்து, அரைத்து, புளிக்கவைத்து, உலர்த்தி, நாலரைக் கிலோ அளவான பச்சைக் கொழுந்தை ஒரு கிலோத் தூளாக்குவர். பின்னர் அது, 1883ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் கொழும்பு ஏலத்துக்குச் செல்லும். அருகிலுள்ள நகரத்தைத் திரும்பியும் பாராமல் அது கடந்து போகின்றது. ஆகவே மலைநாட்டுச் சந்தை நகரம் விளைபொருளின்மேல் நிற்பதன்று, கூலியின்மேல் நிற்பது. இவ்வொரு வேற்றுமையிலிருந்தே அதன் வரலாறு முழுவதும் விரிகின்றது. மஸ்கெலியாவை எடுத்துக்கொண்டு நோக்கின் இது தெளிவாகும்.

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகத் தெற்கு நோக்கி இருபது கிலோமீற்றர் அளவு வளைந்து வளைந்து சென்றால் மஸ்கெலியாவை அடையலாம். கடல் மட்டத்துக்கு மேல் 1,100 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில், மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் கரையில் அது அமைந்துள்ளது. அப்பால் உள்ள நல்லதண்ணியிலிருந்துதான் சிவனொளிபாதமலைக்கு ஏறும் வழி தொடங்குகின்றது. மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை யாத்திரிகர் கூட்டம் இரவு பகலாக இவ்வழியே செல்லும். நேயர் பலர் அக்காலத்தில் இந்நகரைப் பஸ்ஸின் யன்னலூடாகப் பார்த்திருப்பர். ஒரு கோப்பை தேநீருக்காக இறங்கியும் இருப்பர். யாத்திரைக்கால வியாபாரம் ஆண்டில் ஐந்து மாதத்துக்கு உரியது. பன்னிரண்டு மாதமும் நகரைத் தாங்குவோர் சூழவுள்ள தோட்டங்களில் வாழும் மக்களே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் இப்பள்ளத்தாக்கு பெரும்பாலும் அடர்காடாகவே இருந்தது. பழைய சிங்களக் கிராமங்கள் கீழே, லக்சபான போன்ற இடங்களில் இருந்தன. 1860களிலும் 1870களிலும் ஆங்கிலத் தோட்டக்காரர் இக்காட்டை அழித்துக் கோப்பி நட்டனர். மஸ்கெலியாவில் மொக்கா என்று ஒரு தோட்டம் உண்டு. மொக்கா என்பது அரபு நாட்டில் கோப்பி ஏற்றுமதிக்குப் பெயர்பெற்ற பழைய துறைமுகம். இன்று தேயிலையன்றி வேறொன்றும் காணப்படாத அத்தோட்டம், தன் பெயரில் மட்டும் கோப்பியைக் காத்து வருகின்றது. தோட்டங்களுக்குத் துரைமார் இட்ட பெயர்கள் ஒரு வகை. மக்கள் வழங்கும் பெயர்கள் வேறொரு வகை. ஆங்கிலத்தில் டல்ஹவுசி எனப்பட்ட இடமே மக்கள் நாவில் நல்லதண்ணி. எப்பெயர் நிலைத்தது என்பதைப் பஸ் பலகைகளே சொல்லும்.

கோப்பிக் காலத்தில் நகரம் தோன்றுவதற்குப் போதிய காரணம் இருக்கவில்லை. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்திலேயே பெருந்தொகையான கைகள் வேண்டியிருந்தன. தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, காட்டுவழியே நடந்து வந்தோர், பருவம் முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினர். 1869ஆம் ஆண்டில் இலங்கையிற் கண்டுபிடிக்கப்பட்ட இலைநோய் சில ஆண்டுகளிற் கோப்பியை அழித்தது. அதனிடத்துக்கு வந்த தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்துவிடும் செடி. வாரந்தவறாமற் பறித்தல் வேண்டும். கவ்வாத்து வெட்டுதல் வேண்டும். களை எடுத்தல் வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண்களின் கைகள் வேண்டும். பெண்கள் வந்தாற் குடும்பம் வரும். குடும்பம் வந்தபின் உப்பு, புளி, மிளகாய், சேலை, பால்போத்தல், தாலிக்கொடி யாவும் ஓரிடத்திலிருந்து வந்தாக வேண்டும். தேயிலை குடும்பத்தை இருத்தியது. குடும்பம் கடையை இருத்தியது. 1884ஆம் ஆண்டில் ரயில்பாதை ஹட்டனை அடைந்தபின், அரிசியும் துணியும் அங்கிருந்து மாட்டுவண்டிகளில் ஏறிவந்தன. வண்டிகள் இளைப்பாறும் இடம் கடைத்தெருவாயிற்று. தமிழ்நாட்டிலிருந்து வந்த வணிகரும், முஸ்லிம் வியாபாரிகளும், கரையோரச் சிங்களவரும் இத்தகைய கடைத்தெருக்களில் அடுத்தடுத்த கதவுகளில் இருந்தனர். புடவைக்கடை, அடகுக்கடை, பேக்கரி, சாராயக்கடை என்பன ஒன்றையொன்று தொடர்ந்தன.

இனி, அக்கடைத்தெருவைச் சூழ்ந்த குடியிருப்புகளைக் கவனிக்க வேண்டும். அவற்றை ஊர்கள் என்றே அங்கு வாழ்வோர் எண்ணுகின்றனர். மாரியம்மன் கோயில் உண்டு. மாசி மாதத்திற் காமன் கூத்து உண்டு. பிறப்புக்கும் இறப்புக்கும் கூடும் உறவு உண்டு. ஊருக்கு வேண்டிய யாவும் இருந்தும், ஒன்று மட்டும் இருக்கவில்லை. அஃது நிலம். நீண்ட கொட்டில்போற் கட்டப்பட்ட லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஒரு காம்பரா ஒரு குடும்பத்துக்கு எனக் கொடுக்கப்பட்டது. அதன் கூரையும் சுவரும் வாசற்படியும் தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டத்தில் வேலை உள்ளவரைக்குமே குடியிருப்பு. அறுபது ஆண்டுகள் ஒரே காம்பராவில் வாழ்ந்தவரும் அதனைத் தமது என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாதவராகவே இருந்தார்.

காகிதம் ஒன்று இருந்தது. அஃது அவர் உடைமையைக் காட்டுவதன்று, கடனைக் காட்டுவது. அதற்குத் 'துண்டு' என்று பெயர். கங்காணி தன் ஆட்களோடு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்ல விரும்பினால், இத்தனை ரூபா கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவோம் எனப் பழைய தோட்டத்துத் துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் பணத்தைக் கட்டும். கடன் அப்படியே புதிய இடத்துக்கு மாறும். ஆளோடு கடனும் கைமாறிய இம்முறை 1921ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் தோட்டம் கொடுத்த அரிசியின் விலை கூலியிற் கழிக்கப்படும் வழக்கம் நீடித்தது. பிற்காலத்தில் அதனோடு தீபாவளி முற்பணமும் சேர்ந்தது. மாதந்தோறும் பத்தாந் திகதியளவிற் சம்பளம் போடுவர். அன்று கைக்கு வருவது கழிவுகள் போன மிச்சம். அம்மிச்சத்துக்காகக் கடைவீதியிலே கொப்பி ஒன்று காத்திருக்கும்.

அக்கொப்பியைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லுதல் தகும். முதலாளியின் மேசையில் ஒரு கொப்பி. தொழிலாளியின் மடியில் ஒரு சிறு கொப்பி. மாவும் பருப்பும் மண்ணெண்ணெயும் மாதம் முழுவதும் கணக்கிலே செல்லும், சம்பளத்தன்று தீர்க்கப்படும், முழுவதும் தீர்ந்தது என்ற நாள் அரிதாகவே வரும். எழுத்தறியாதவர் முதலாளியின் எழுத்தை நம்பியே ஆகவேண்டும். இதனைச் சுரண்டல் என்று கூறுவோர் உளர். அதில் உண்மை உண்டு. ஆயின் மழை மிகுந்து கொழுந்து குறைந்து, வேலைநாளும் குறைந்த மாதங்களில், ஈடு கேளாமல் உணவு கொடுத்ததும் அதே கொப்பிதான். நிலமில்லாதவனுக்கு வங்கி கடன் கொடுக்காது. அவனது பெயரை மட்டுமே நம்பிக் கடன் கொடுத்தவர் கடைக்காரர் ஒருவரே. கடைக்காரரின் நிலையும் உறுதியானதன்று. தோட்டத்திற் கூலி நின்றால் ஒரு வாரத்துக்குள் கடையில் விற்பனை நிற்கும். நகரமும் லயமும் ஒரே கயிற்றின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றன எனலாம்.

பொருள் வாங்குவதற்கு மட்டும் மக்கள் நகரத்துக்கு வரவில்லை. தோட்டத்தின் எல்லைக்குள் நடப்பதெல்லாம் துரையின் ஆணைப்படி நடந்த காலம் ஒன்று இருந்தது. தொழிற்சங்கத்தார் உள்ளே புகுந்தால் அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது. தோட்டத்துக்குள் நுழையும் உரிமையைத் தொழிற்சங்கப் பிரதிநிதிகளுக்கு வழங்கும் சட்டம் 1970ஆம் ஆண்டிலேயே வந்தது. அதுவரை சங்கம் பேசுவதற்குப் பொது இடம் கடைவீதி ஒன்றே. தேநீர்க் கடையிற் செய்தித்தாளை ஒருவர் உரக்க வாசிக்க, பத்துப்பேர் கேட்டனர். பிரட்டுக்களத்தில் தலைகுனிந்து நின்றவர், கடைத்தெருவிற் காசு கொடுத்துப் பொருள் வாங்கும் ஒரு மனிதராக நிமிர்ந்து நடந்தார். இந்த வேறுபாட்டை மலைநாட்டு மக்கள் நன்கு உணர்ந்திருந்தனர். ஞாயிற்றுக்கிழமையில் வெள்ளை வேட்டியும் நல்ல சேலையும் உடுத்து இறங்கியது கத்தரிக்காய் வாங்குவதற்கு மட்டும் அன்று.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் மஸ்கெலியா ஒரு தனித்தொகுதியாக இருந்தது. இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த ஜி. ஆர். மோத்தா அத்தொகுதியில் வெற்றிபெற்றார். அவ்வாண்டு மலைநாட்டிலிருந்து அக்கட்சியின் சார்பிற் பாராளுமன்றம் சென்ற எழுவரில் அவர் ஒருவர். மறு ஆண்டு 1948இல் குடியுரிமைச் சட்டமும், 1949இல் தேர்தற் சட்டத் திருத்தமும் வந்தன. வாக்களித்த மக்களிற் பெரும்பாலோர் வாக்கற்றவராயினர்; நாடற்றவர் என்ற சொல்லும் அவர்மேல் ஏறியது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வேழு தொகுதிகளுள் ஒன்றேனும் அவர்களின் குரலைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பவில்லை. நுவரெலியா–மஸ்கெலியா என்னும் பல அங்கத்தவர் தொகுதியிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் 1977இல் தெரிவாகும் வரையில், இடையே முப்பது ஆண்டுகள் கழிந்தன.

அம்முப்பது ஆண்டுகளின் நடுவில் மஸ்கெலியாவுக்கு வேறொன்றும் நேர்ந்தது. மலையாறுகளின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பெறலாம் என எந்திரவியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதினார். அவருடைய கனவு 1950இல் லக்சபான மின்னிலையத்தில் உருப்பெற்றது. மஸ்கெலி ஓயாவும் கெகல்கமு ஓயாவும் களனி கங்கையின் இரு தாய்கள். கெகல்கமுவை மறித்துக் காசல்ரீ நீர்த்தேக்கம் 1965இல் அமைந்தது. மஸ்கெலி ஓயாவை மறித்த மவுசாக்கலை அணை 1969இல் முடிவுற்றது. பன்னிரண்டு கோடிக் கனமீற்றருக்கு மேல் நீர் கொள்ளும் அத்தேக்கத்தின் அடியில் மஸ்கெலியா நகரம் இருந்தது. கடைகள், தெருக்கள், கோயில், பள்ளிவாசல், விகாரை யாவும் நீருக்குள் ஆயின. கரைமேல் உயர்ந்த நிலத்திற் புதிய நகரம் எழுந்தது. இன்று மஸ்கெலியா எனப்படுவது அதுவே.

நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதை மறுப்பார் இல்லர். கொழும்பு மாநகரின் விளக்குகளுக்கும் ஆலைகளுக்கும் இந்த நீர் உதவியது. மின்னிலையச் சுழலிகளைச் சுற்றிய அதே நீர் கீழே சென்று மாநகரின் குடிநீராகவும் ஆகின்றது. ஆயின் நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த மலைகளிலிருந்த லயங்கள் பலவற்றில், அணை கட்டி முடித்த பின்னரும் நெடுங்காலம் குப்பிவிளக்கே எரிந்தது. ஒரு நகரத்தையே நீருக்குக் கொடுத்த மக்கள், அந்த நீரின் பயனைத் தம் வாசலிற் காண ஒரு தலைமுறை காத்திருந்தனர். இதனை நாட்டின் கணக்கில் ஏதோ ஒரு பக்கத்தில் எழுதித்தான் ஆகவேண்டும்.

மற்றொரு செய்தியும் இங்கே எண்ணத்தக்கது. கடையை இடம்மாற்றலாம், உறுதிப்பத்திரம் உண்டு, சொந்தக்காரர் உண்டு, வாடகைச் சீட்டு உண்டு. கோயிலையும் பள்ளிவாசலையும் விகாரையையும் மீண்டும் எழுப்பலாம். அவற்றுக்குச் சபைகள் உண்டு. லயத்திற் குடியிருந்தவர் இடம்மாற வேண்டுமானால் எதனைக் காட்டி எதனைக் கேட்பார்? அவர் வாழ்ந்த ஊருக்குச் சட்டத்தில் ஊர் என்று பெயரே இல்லை.

இவ்வினாவுக்கு இன்னொரு பக்கத்திலிருந்து விடை வந்தது. 1964ஆம் ஆண்டு ஒக்தோபர் மாதத்தில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொள்வதென 1974இல் உடன்பாடு ஏற்பட்டது. எண்ணிக்கைகள் இரு தலைநகரங்களிற் பேசப்பட்டன. பிரிவு நடந்தது ரயில் நிலையங்களில். தலைமன்னாருக்குச் செல்லும் வண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். அண்ணன் இலங்கைக்கும் தம்பி இந்தியாவுக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. புறப்படுமுன் அவர்கள் கடைசியாக வந்த இடமும் கடைவீதிதான். பித்தளைக் குடத்தையும் ஆட்டுக்கல்லையும் கிடைத்த விலைக்குக் கொடுத்து, கொப்பிக் கணக்கைத் தீர்த்து, பெட்டி ஒன்று வாங்கிச் சென்றனர். 1984ஆம் ஆண்டிற் கப்பற்போக்குவரத்து நின்றதோடு அப்பயணமும் நின்றது. நாட்டில் எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது.

கடைவீதிக்கும் லயத்துக்கும் உள்ள கயிறு எவ்வளவு மெல்லியது என்பதை 1973, 1974ஆம் ஆண்டுகள் காட்டின. நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு. கிராமத்தவருக்கு மரவள்ளியும் பலாக்காயும் இருந்தன. தோட்டத்தவருக்கு மண் இருந்தும் நட உரிமை இல்லை. கூலி இருந்தும் வாங்கப் பொருள் இல்லை. பட்டினியால் இறந்தோர் பலர்; தோட்டங்களை விட்டு நகரங்களிற் கையேந்தியோரும் பலர். காணிச் சீர்திருத்தத்தின் கீழ் 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. துரைகள் மாறினர், காம்பராவின் அளவு மாறவில்லை.

சட்டத்தில் ஊராவதற்கான வழி மெதுவாகவே திறந்தது. 1937ஆம் ஆண்டிற் கிராமச் சபைச் சட்டத்துக்குச் செய்த திருத்தம் இந்தியத் தோட்டத் தொழிலாளரை அச்சபைத் தேர்தல்களிலிருந்து விலக்கிவைத்தது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் வந்தபோதும், அதன் 33ஆம் பிரிவு சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளிற் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த உறுப்பினரே, அம்மக்களின் வாசலுக்குச் செல்லும் பாதைக்கு ஒரு வண்டி கல் போடுவதற்குச் சட்டம் இடங்கொடுக்கவில்லை! இத்தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கியது. பரந்து கிடந்த அம்பகமுவப் பிரதேச சபை மூன்றாகப் பிரிக்கப்பட்டு, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா எனத் தனிச் சபைகள் அமைந்ததும் அவ்வாண்டுத் தேர்தலோடுதான். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்னும் திட்டமும் இக்காலத்திலேயே வலுப்பெற்றது. 2017 மே மாதத்தில் நோர்வூட்டிற் பேசிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, முன்னர் உறுதியளித்த வீடுகளோடு மேலும் 10,000 வீடுகள் கட்ட உதவுவதாக அறிவித்தார்.

ஏழு பேர்ச் என்பது யாழ்ப்பாணத்து வளவுக்காரருக்குச் சிரிப்பை உண்டாக்கலாம். ஒரு பரப்புக் காணி பத்துப் பேர்ச்சாகும். ஆயின் அதிலே ஒரு முகவரி இருக்கின்றது. லயங்களில் வாழ்ந்தோரின் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்குச் சென்று, அங்கிருந்து யார் கையிலாவது ஏறிப் பல நாள் கழித்து வந்த வழக்கத்தை அறிந்தவருக்கு, வீட்டிலக்கம் ஒன்று பெறுவதன் பொருள் விளங்கும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பரீட்சை முடிந்த பின் வந்துசேர்ந்த கதைகள் தோட்டந்தோறும் உண்டு.

இளைஞர் பலர் இன்று கொழுந்து மலைக்குச் செல்வதில்லை. கொழும்புக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்புகின்றனர். மஸ்கெலியாக் கடைவீதியில் கைத்தொலைபேசி விற்கும் கடைகள் அப்பணத்தின்மேல் எழுந்தவை. கடை முதலாளிக்கு இனிப் பத்தாந் திகதி மட்டும் முக்கியமன்று. எனினும் தோட்டச் சம்பளம் உயருமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், லயத்தார் எவ்வளவு ஆவலோடு கேட்கின்றனரோ அவ்வளவு ஆவலோடு கடைக்காரரும் கேட்கின்றார். 2021ஆம் ஆண்டில் நாட்கூலி 1,000 ரூபாவாக உயர்ந்தபோதும் அவ்வாறே.

மழை குன்றிய காலங்களில் மவுசாக்கலையின் நீர் இறங்கும்போது, பழைய நகரத்தின் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேற்றுக்கு மேலே தோன்றும். மக்கள் இறங்கிச் சென்று பார்ப்பர். மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு அண்மையில் இருந்தன என்பதை அப்போது காணலாம். மழை வந்ததும் நீர் அவற்றை மூடிவிடும்.

மேலே, புதிய கடைவீதியின் ஓரத்தில், ஞாயிற்றுக்கிழமைகளிற் சாக்கை விரித்துச் சில பெண்கள் இருப்பதைக் காணலாம். லயத்தோரத்து மண்ணிலும் புதுவீட்டின் ஏழு பேர்ச்சிலும் விளைந்த போஞ்சியும் முள்ளங்கியும் கீரையும் அச்சாக்கின்மேற் கிடக்கும். அவற்றை விற்று முடித்த பின்னரே அவர்கள் எழுந்து, தமக்கு வேண்டிய சீனியும் துணியும் வாங்கச் செல்வர்.